காட்டுக்குள் போகும் வண்டிப்பாதை: செட்டிநாட்டுப் புதர்க்காடுகளில் மோட்டார் வாகனங்களை எப்படி வரையறுப்பது?

கிராம வரைபடத்தில் ஒற்றைக் கோடாக விட்டுவிட்டு ஓடுவது ஒற்றையடிப் பாதை. இரட்டைக் கோடாக விட்டுவிட்டு ஓடுவது வண்டிப்பாதை. செட்டிநாட்டில் ஏதேனும் ஒரு கிராம நிர்வாக அலுவலகத்தில் அந்தப் படத்தை விரித்துப் பார்த்தால், இரட்டைக் கோடு ஊர் எல்லையிலிருந்து கண்மாய்க் கரைக்கும், கரையிலிருந்து காட்டோரத்துக்கும், சில இடங்களில் அரசு ஒதுக்கிக் காக்கும் காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டியும் போவதைக் காணலாம். அந்தக் கோட்டை வரைந்த நில அளவையாளரின் மனத்தில் இருந்த வண்டி மாட்டு வண்டி. இன்று அதே கோட்டின் மீது நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்புகளும், மேடுபள்ளத்துக்கென்றே உயரமாகக் கட்டப்பட்ட மோட்டார் சைக்கிள்களும் வந்து நிற்கின்றன. அவை உள்ளே போகலாமா, போகலாமென்றால் எந்தப் பாதையில், எந்த மாதத்தில் என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஆவணம் எதுவும் அந்த அலுவலகத்தில் இருக்காது. பெரும்பாலும் வனச்சரக அலுவலகத்திலும் இருக்காது.

செட்டிநாட்டில் காடு எங்கே இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவர்களுக்கு எங்கள் காடு காடாகவே தெரியாது. காரை, சூரை, இலந்தை, வெள்வேல், உசிலை என்று இடுப்பளவும் ஆளுயரமுமாக நிற்கும் முட்புதரும், நடுநடுவே செம்புறாங்கல் மேடும், கோயில்காடுகளில் மட்டும் தப்பிப் பிழைத்த வீரையும் காயாவும் உலக்கைப்பாலையும்தான் இங்குள்ள காடு. சிங்கம்புணரிக்கு அப்பால் பிரான்மலை இருக்கிறது. முல்லைக் கொடிக்காகத் தேரை விட்டுச்சென்ற பாரியின் பறம்பு மலை அதுதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாகனத்தைக் காட்டில் நிறுத்திவிட்டு நடந்து திரும்பிய ஒருவரைப் பற்றிய கதை இந்தக் காட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதை இந்தக் கட்டுரையின் பொருளோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வருகிற வாகனங்கள் எல்லாம் ஒரே வகையல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வார இறுதிகளில் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குழுவாக வரும் தார், ஜிம்னி வண்டிகளும் ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் மோட்டார் சைக்கிள்களும் ஒரு வகை. ஆடு மேய்ப்பவரும் தேன் எடுப்பவரும் விறகு பொறுக்குபவரும் ஓட்டும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். இன்னொரு வகை, எண்ணிக்கையில் இதுவே அதிகம். மூன்றாவது, கிராவல் மண் ஏற்றும் டிராக்டரும் சரக்கு ஏற்றும் குட்டி யானையும். பொழுதுபோக்கு, பிழைப்பு, வியாபாரம் என்று மூன்று நோக்கங்களோடு வரும் இந்த வண்டிகள் ஒரே பாதையில் ஓடுகின்றன. பாதைக்கு நோக்கம் தெரியாது, எடையும் சக்கரமும் வேகமும் மட்டுமே தெரியும். ஆனால் விதி எழுதுகிறவருக்கு நோக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இது முதற்பார்வைக்குத் தோன்றுவதைவிடச் சிக்கலான விவகாரமாகிறது.

நிலத்தின் உடைமை அதைவிடச் சிக்கலானது. காப்புக்காடு வனத்துறையுடையது. அதை ஒட்டி வரிசை வரிசையாக நிற்கும் தைலமரக் காடு, குறிப்பாகப் புதுக்கோட்டைப் பக்கத்தில், பெரும்பாலும் வனத்தோட்டக் கழகத்துடையது. கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பரப்பு, நீர்வளத் துறையின் புறம்போக்கு. அதில் நிற்கும் கருவேல மரங்கள் சமூகக்காட்டுத் திட்டத்தில் நடப்பட்டவை. கோயில்காடு கோயிலுடையது. ஒரு மோட்டார் சைக்கிள் பத்து நிமிடத்தில் இந்த நான்கையும் கடந்துவிடும். ஓட்டியவருக்கு எல்லை மாறியது தெரிய வழியே இல்லை. தைலமரக் காட்டில் தீ பரவாமல் இருக்க வெட்டி வைத்த தடுப்புக்கோடு, நேராகவும் அகலமாகவும் புல்லின்றியும் கிடப்பதால், வெளியூர்க்காரர் கண்ணுக்கு அதுதான் சரியான பாதையாகத் தோன்றும். உண்மையான பழைய வண்டிப்பாதை சூரை மண்டி மறைந்து கிடக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் பெரும்பகுதி ஜமீன் நிலமாக இருந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். ஜமீன் காட்டில் யார் ஆடு மேய்க்கலாம், யார் எந்த வழியில் வண்டி விடலாம் என்பதெல்லாம் வழக்கத்தால் நடந்தனவே தவிர, எழுத்தில் அரிதாகவே இருந்தன. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் நிலங்களும் காடுகளும் அரசுக்கு வந்தன. அப்படி வந்த காட்டைக் காப்புக்காடாக்க வேண்டுமானால், 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி முதலில் அரசு தன் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். பிறகு வன நிர்ணய அலுவலர் வழியுரிமை, நீருரிமை, மேய்ச்சலுரிமை ஆகியவற்றைக் கோருவோரை விசாரிக்க வேண்டும். அது முடிந்த பின்பே 16-ஆம் பிரிவின்படி காப்புக்காடு என்ற இறுதி அறிவிக்கை வரும். வண்டிப்பாதைக்கு உரிமை கோரி அன்று அலுவலர் முன் போய் நின்றவர்களின் ஊருக்கு வழி பதிவானது. போகாத ஊருக்கு வழக்கம் மட்டும் மிஞ்சியது.

சட்டத்தின் இன்றைய நிலையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதையும், மேய்ப்பதையும், தீ வைப்பதையும், மண்ணும் கல்லும் எடுப்பதையும் வனச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தடுக்கிறது. சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நுழைவை இன்னும் இறுக்குகிறது. 2018 மார்ச் மாதம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. 2024-இல் 40 நடைவழிகளைக் குறித்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு செல்லும் திட்டத்தை அரசு தொடங்கியது. அதாவது, கால்நடையாகச் செல்பவருக்கு வழி இன்னது என்று பெயர் சொல்லிக் குறிக்கும் பழக்கம் வந்துவிட்டது. மோட்டார் வாகனத்துக்கு அது வரவில்லை. எல்லாக் காடும் மூடியதாகவே சட்டத்தில் இருக்கிறது. எல்லாக் காட்டிலும் சக்கரத் தடம் கிடக்கிறது.

அந்தத் தடம் என்ன செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம், ஏனென்றால் செட்டிநாட்டில் இந்த விவகாரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இங்கே வற்றாத ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழையை மூன்று மாதத்தில் பிடித்து வைத்தால்தான் ஆண்டு முழுவதும் தண்ணீர். கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்திருக்கின்றன. மேல் கண்மாயின் கலுங்கு வழிந்தால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. சங்கிலியின் முதல் கண்மாய்க்குத் தண்ணீர் தருவது மேட்டுக்காடு. நிலம் சாய்வாக இருப்பதே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மென்மையான சரிவு அது. பெய்த மழை பரவலாக, மெல்லிய ஏடாக, புல்லையும் சருகையும் தொட்டுக்கொண்டு நகர்ந்து, சிறு சிறு கால்களில் கூடி, பிறகு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சேரும். மலையில் ஒரு பாதை அரிக்கப்பட்டால் பாதை கெடும், அவ்வளவுதான். இத்தனை மென்சரிவான நிலத்தில் ஒரு சாண் ஆழத்துக்குச் சக்கரத் தடம் விழுந்தாலே போதும். பரவலாக நகரும் தண்ணீருக்கு அது புதிய கால்வாய் ஆகிவிடும். கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் தடத்தோடு போய் ரோட்டோரப் பள்ளத்தில் விழும், அல்லது அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் திரும்பிவிடும். பாசனத் தண்ணீர்த் தகராறு எங்கள் பக்கத்தில் எப்படியெல்லாம் வெடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மண் இறுகுவது இன்னொரு பக்கம். ஈரமான செம்மண்ணின் மேல் கனமான சக்கரம் ஏறும்போது மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிடம் நசுங்குகிறது. தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, சேதத்தின் பெரும்பங்கு முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடுகிறது என்பது. நூறாவது வண்டி செய்யும் கூடுதல் சேதம் குறைவு. மூன்றாவது வண்டி செய்வது அதிகம். ஆகவே, நூறு வண்டிகளை ஒரே தடத்தில் விடுவது, பத்து வண்டிகளைப் பத்துப் புதுத் தடங்களில் விடுவதைவிட நிலத்துக்கு நல்லது. வாகனங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதிலேயே குறியாக இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒருமுறை இறுகிய மண் எவ்வளவு காலம் அப்படியே கிடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மொஹாவே பாலைவனம் சாட்சி: 1942-இல் ஜெனரல் பாட்டன் தொடங்கிய பயிற்சிக்களத்தில் டாங்கிகள் ஓடிய தடங்களை அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தரையில் பார்க்க முடிந்தது. நம் மழைக்கும் நம் கரையானுக்கும் மண் அதைவிட விரைவில் தேறும் என்றாலும், ஓரிரு பருவத்தில் தேறிவிடாது.

எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள ஒரு வண்டிப்பாதையை நான் சிறு வயது முதல் அறிவேன். மாட்டு வண்டி ஓடிய காலத்தில் இரு பக்கமும் சக்கரத்தின் இரும்புப் பட்டை பதிந்த குறுகிய தடமும், நடுவில் மாடுகள் நடந்த இடத்தில் அருகம்புல்லும் இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் உள்வாய் வழியாகப் பார வண்டியை விடக்கூடாது என்று எங்கள் ஐயா சொல்வார். வண்டி புதைந்துவிடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டாலும், அந்தக் கட்டுப்பாட்டால் காப்பாற்றப்பட்டது வரத்துக்கால்தான். சென்ற ஆண்டு மழைக்குப் பின் அங்கே போனபோது நடுப்புல் இல்லை. பாதை ஒன்றாக இல்லாமல் ஐந்தாகப் பிரிந்திருந்தது. ஒரு தடத்தில் சேறு கண்டவுடன் அடுத்து வந்த வண்டி ஒதுங்கிப் புதரை மிதித்துப் போயிருக்கிறது. அதுவும் சேறானதும் அதற்கடுத்தது இன்னும் ஒதுங்கியிருக்கிறது. கடைசித் தடத்தின் ஓரத்தில் சாய்ந்து கிடந்த காரைச் செடியின் வேர் மண்ணுக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. கண்மாய்க் கரையில், மண்வெட்டியால் சீவியதுபோல் இரண்டு சரிவுகள்; ஜீப்பைக் கரையேற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டியவருக்கு அது ஒரு மேடு. அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரருக்கு அது அடுத்த மழையில் கரை உடையக்கூடிய இடம்.

உயிரினங்களைப் பொறுத்தவரை, பெரிய விலங்குகளைவிடத் தரையில் முட்டையிடும் பறவைகளுக்கே சக்கரத்தால் ஆபத்து அதிகம் என்பது என் எண்ணம். ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில், சரளைக் கற்களுக்கு நடுவே, கல்லின் நிறத்திலேயே நான்கு முட்டை இட்டு வைக்கும். இரவில் பறக்கும் பக்கிக் குருவி சருகின் மேல் இடும். மயில் புதரடியில் இடும். ஆள்காட்டி தேர்ந்தெடுக்கும் அந்தச் சரளைப் பொட்டல்தான் ஓட்டுநரும் தேர்ந்தெடுக்கும் பொட்டல். சத்தம் வேறு. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் உள்ள கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அங்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று சுற்றியுள்ள ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதைத் தமிழ்நாடே அறியும். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதில் பெருமை கொள்ளும் இளைஞர் ஒருவர் அந்த ஊர்ச் சிறுவர்களிடம் போய்ப் பேசிப் பார்க்கலாம்.

இதே சிக்கலை நமக்கு முன்பே, நம்மைவிடப் பெரிய அளவில் சந்தித்த நாடு அமெரிக்கா. அங்கே தேசிய வனங்கள் மட்டும் ஏறத்தாழ 19 கோடி ஏக்கர். மக்கள் போய்வருவதற்கென்றே திறந்து வைக்கப்பட்ட பொதுநிலம். அந்நாட்டு வனத்துறைக் கணக்கின்படி, சாலைக்கு வெளியே வாகனம் ஓட்டுவோர் 1972-இல் சுமார் 50 லட்சம் பேர். 2000-இல் 3 கோடியே 60 லட்சம் பேர். 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் தாவரத்துக்கும் ஏற்படும் சேதம், வனவிலங்குகளுக்கு ஏற்படும் தொந்தரவு, நிலத்தைப் பயன்படுத்தும் பிறரோடு ஏற்படும் மோதல் ஆகியவற்றைக் குறைக்கும் வகையில் எந்தப் பாதை திறந்தது, எது மூடியது என்று துறைகள் தீர்மானிக்க வேண்டும் என்றது அந்த ஆணை. 1977-இல் அதிபர் கார்ட்டர் அதை வலுப்படுத்தி, கணிசமான சேதம் நடக்கும் இடத்தை உடனே மூடும் பொறுப்பைத் துறைகளுக்குத் தந்தார்.

ஆணை நல்லது; நடைமுறை வேறு. கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பல வனங்களில், மூடியது என்று பலகை வைத்த இடம் தவிர மற்றதெல்லாம் திறந்தது என்ற நிலையே நீடித்தது. பலகை வைத்த மறுநாள் பலகை காணாமல் போகும். பலகை இல்லாவிட்டால் குற்றமும் இல்லை. ஒருவர் புதரில் ஓட்டிய தடத்தில் அடுத்தவர் ஓட்ட, அது பாதையாகிவிடும். 2003-இல் அந்நாட்டு வனத்துறைத் தலைவர் டேல் பாஸ்வொர்த், காடுகளுக்கு உள்ள நான்கு பெரிய அச்சுறுத்தல்களில் ஒன்றாகக் கட்டுப்பாடற்ற பொழுதுபோக்கைக் குறிப்பிட்டார். 2005 நவம்பரில் வந்த பயண மேலாண்மை விதி கேள்வியையே திருப்பிப் போட்டது. ஒவ்வொரு வனமும் எந்தச் சாலையில், எந்தத் தடத்தில், எந்த வகை வாகனம், எந்தப் பருவத்தில் போகலாம் என்று வரையறுத்து, மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் ஒன்றை வெளியிட வேண்டும். அந்தப் படத்தில் இல்லாதது மூடியது. பலகை இருந்ததா என்ற வாதத்துக்கு இடமே இல்லை; படத்தைக் கையில் வைத்திருப்பது ஓட்டுபவரின் பொறுப்பு, அதை இலவசமாகத் தருவது துறையின் பொறுப்பு.

அதனால் சண்டை தீர்ந்துவிடவில்லை. தாங்கள் தலைமுறையாக ஓட்டிய தடம் படத்தில் விடுபட்டது என்று ஒரு சாராரும், சேதத்தை உண்மையாகவே எடைபோடாமல் இருந்த தடங்களை அப்படியே படத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று மறு சாராரும் நீதிமன்றம் போனார்கள். 2015-இல் பனி வாகனங்கள் பற்றிய ஒரு வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், சேதத்தைக் குறைக்கும் அளவுகோல்களைக் கருத்தில் கொண்டோம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, ஒவ்வொரு பகுதிக்கும் அவற்றை எப்படிப் பொருத்தினோம் என்று காட்ட வேண்டும் என்றது. நம் கோப்புகளில் ‘உரிய பரிசீலனைக்குப் பின்’ என்ற தொடரைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும்.

இங்கிலாந்தின் அனுபவம் நம் வண்டிப்பாதைக்கு இன்னும் நெருக்கமானது. குதிரை வண்டி ஓடிய பழைய வழி என்று மெய்ப்பித்தால், அதே வழியில் மோட்டார் வாகனமும் போகலாம் என்ற வாதம் அங்கே நெடுநாள் செல்லுபடியானது. ஒருமுறை நெடுஞ்சாலையானது என்றைக்கும் நெடுஞ்சாலையே என்பது அவர்களின் பழைய சட்டக் கொள்கை. நூறு ஆண்டுகளாகப் புல் முளைத்துக் கிடந்த பாதைகளுக்கெல்லாம் மோட்டார் சைக்கிள் சங்கங்கள் உரிமை கோரத் தொடங்கின. 2006-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால், பதிவாகாமல் கிடந்த அத்தகைய வழிகளில் மோட்டார் வாகன உரிமையை, சில விலக்குகளோடு, நீக்கியது. குதிரை வண்டி ஓடியதற்கான ஆதாரம் குதிரை வண்டிக்கே ஆதாரம் என்றாயிற்று. நம் கிராம வரைபடத்தின் இரட்டைக் கோட்டுக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும். ‘வண்டிப்பாதை என்றுதானே இருக்கிறது, என்னுடையதும் வண்டிதானே’ என்று யாராவது நீதிமன்றத்தில் சொல்வதற்கு முன் அரசு விடையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

படத்தில் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற முறை எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. மஞ்சுவிரட்டு அப்படித்தான் நடக்கிறது. 2017-க்குப் பிறகு, அரசிதழில் பெயர் வந்த ஊரில், அனுமதித்த நாளில் மட்டுமே மாடு அவிழ்க்கலாம். தை மாதம் சிராவயல் பொட்டலில் எத்தனை ஆயிரம் பேர் கூடினாலும், அதே மாட்டை மறுநாள் பெயர் வராத ஊரில் அவிழ்த்தால் வழக்கு. முணுமுணுப்பு இருந்தாலும் விதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். காட்டுப் பாதைக்கு இல்லாதது அந்தத் தெளிவுதான்.

தெளிவில்லாத இடத்தில் அதிகாரம் வனக்காப்பாளரின் விருப்பமாகிவிடுகிறது. என் உறவினர் ஒருவர், ஆடு மேய்ப்பவர், காணாமல் போன இரண்டு வெள்ளாடுகளைத் தேடி எக்ஸ்.எல்.லில் காட்டோரம் போனதற்காகப் பிடிபட்டு, வண்டியை மீட்க ஒரு வாரம் அலைந்தார். அவர் அலைந்துகொண்டிருந்த அதே வாரத்தில், அதே எல்லைக்கல்லைத் தாண்டிப் போன நான்கு ஜீப்புகளின் காணொளி எல்லோர் கைபேசியிலும் ஓடியது. இதற்குக் காப்பாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒரு பீட், அதாவது ஒரு காப்பாளரின் காவல் எல்லை, முழுவதையும் ஒருவரே கால்நடையாகவோ தன் சொந்த வண்டியிலோ சுற்றும்போது, தெரிந்த முகத்தைத்தான் மறிக்க முடியும்; நான்கு சக்கர வண்டியைத் துரத்த முடியாது. எல்லாம் தடை என்ற விதி ஏட்டில் சமமாகத் தெரிந்தாலும், நடைமுறையில் அது எளிதில் பிடிபடுபவர் மீதே விழுகிறது. பாதைக்குப் படமும், அந்தப் படத்தில் பிழைப்புக்கான பயன்பாட்டுக்குத் தனிக் குறிப்பும் இருந்திருந்தால், அந்த ஆடு மேய்ப்பவர் எந்த இடம் வரை வண்டியில் போய் எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும், காப்பாளருக்கும் தெரிந்திருக்கும்.

அப்படியொரு படம் வரைய உட்கார்ந்தால், பருவத்தைக் கணக்கிடும்போது பொழுதுபோக்கு ஓட்டிகள் ஏமாற்றம் அடையக்கூடும். ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியின் முற்பாதியும் மழை. மண் ஈரம், மூட வேண்டும். மாசி முதல் சித்திரை வரை புல் காய்ந்து தீப்பற்றும் காலம்; சூடேறிய புகைக்குழாய் காய்ந்த புல்லைத் தொட்டாலோ, அதிலிருந்து ஒரு பொறி தெறித்தாலோ போதும். அமெரிக்க வனங்களில் சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளில் தீப்பொறித் தடுப்பான் கேட்பது இந்தப் பொறிக்காகத்தான். பங்குனி தொடங்கி ஆடி வரை தரைப்பறவைகள் முட்டையிடும் காலம். எஞ்சுவது மார்கழியின் பிற்பாதியும் தையும், ஆவணி புரட்டாசியும். அந்த மூன்றரை மாதங்களிலும் வரத்துக்காலைக் கடக்காத, கண்மாய்க் கரையைத் தொடாத, கோயில்காட்டுக்குள் நுழையாத பாதைகளை மட்டும் எடுத்தால், காப்புக்காட்டுக்குள் பொழுதுபோக்குக்குத் திறக்கத் தகுந்தது மிகச் சிலவாகவே இருக்கும். சில சரகங்களில் ஒன்றும் இல்லாமலும் போகலாம். அப்படியானால் ஒன்றும் இல்லை என்று படத்தில் அச்சிட்டுவிடுவதே நேர்மை.

சேற்றிலும் சரிவிலும் ஓட்டும் ஆசை குற்றமல்ல, இடம்தான் கேள்வி. செட்டிநாட்டில் வேலை முடிந்து கைவிடப்பட்ட கிராவல் குழிகள் வருவாய் நிலத்திலும் தனியார் நிலத்திலும் நிறையக் கிடக்கின்றன. மேல்மண் ஏற்கெனவே போய்விட்ட அந்த நிலத்தில் ஜீப் ஏறி இறங்குவதால் புதிதாகக் கெடப்போவது அதிகமில்லை. வேலி, கட்டணம், நேரம், மருத்துவ உதவி, மழைத்தண்ணீர் தேங்கிய ஆழக்குழிகளை ஒதுக்கிவிடுதல் ஆகிய ஏற்பாடுகளோடு ஊராட்சிகள் அவற்றில் சிலவற்றை நடத்தலாம். கலிஃபோர்னியா மாநிலம் 1971-லேயே இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்து, சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்குப் பதிவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் தனிக் களங்களை உண்டாக்கி, கெட்ட தடங்களைச் செப்பனிட்டும் வருகிறது. ஓட்டுபவரின் பணமே நிலத்தைத் தேற்றுவதற்குப் போவதால், அங்கே ஓட்டுநர் சங்கங்களே தடங்களைக் கண்காணிக்க முன்வருகின்றன. நம்மூர்க் குழுக்களும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன்; போக நல்ல இடம் இல்லாததால்தான் பலர் வரத்துக்காலில் இறங்குகிறார்கள்.

காட்டுக்குள் செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் பத்தாண்டுச் செயல்திட்டம் எழுதப்படுகிறது. எந்த மரத்தை எங்கே நடுவது, எங்கே தீத்தடுப்புக்கோடு வெட்டுவது என்று அதில் வரும். பாதைகளையும் அதிலேயே சேர்த்துவிடலாம். கிராம வரைபடத்தின் இரட்டைக் கோட்டையும், வன நிர்ணய அலுவலர் அன்று ஒப்புக்கொண்ட வழியுரிமைப் பதிவையும், இன்று தரையில் உள்ள தடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்றும் பொருந்தாத இடங்கள் தெரியும். அந்த இடங்களில் வனவர், கிராம வனக்குழுவினர், ஆயக்கட்டுக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். இருமுறை நடக்க வேண்டும்: புரட்டாசியில் தரை காய்ந்திருக்கும்போது ஒருமுறை, கார்த்திகையில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒருமுறை. தண்ணீர் எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பது இரண்டாவது நடையில்தான் தெரியும்; மூட வேண்டிய தடத்தின் வாயில் எங்கே குறுக்கு வரப்புப் போட வேண்டும் என்பதையும் அந்தத் தண்ணீரே காட்டிவிடும்.